முதல் மீனுக்கு எப்படித் தெரிந்தது?

மூன்று மீன்கள் கதையைப் படிக்காமல் நம்மில் யாரும் ஆரம்பப் பள்ளியைத் தாண்டியிருக்க முடியாது. எங்கள் பாடப் புத்தகத்தில் அவற்றுக்கு வருமுன் காப்போன், வருங்கால் காப்போன், வந்தபின் காப்போன் என்று பெயர். பஞ்சதந்திரத்தில் அநாகதவிதாதா, பிரத்யுத்பன்னமதி, யத்பவிஷ்யன் என்று வாயில் நுழையாத பெயர்கள். செம்படவர்கள் குளக்கரையில் நின்று, நாளைக்கு வந்து வலை போடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். முதல் மீன் அன்றைக்கே வாய்க்கால் வழியாக வெளியேறிவிடுகிறது. இரண்டாவது, வலையில் சிக்கியபின் செத்ததுபோல் நடித்துத் தப்பிக்கிறது. மூன்றாவது குழம்புக்குப் போகிறது.

கதை முடிந்ததும் வாத்தியார், "நீங்கள்லாம் எந்த மீன்டா?" என்று கேட்டார். வகுப்பே முதல் மீன்தான்.

ஐம்பது வருஷம் கழித்து இந்தக் கதையை நினைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. செம்படவர்கள் பேசியது மூன்று மீன்களின் காதிலும் விழுந்திருக்கிறது. முதல் மீனுக்கு மட்டும் தனியாக யாரும் ரகசியம் சொல்லவில்லை. அப்படியானால் அது மட்டும் ஏன் கிளம்பியது? நாளைய வலையை அது இன்றைக்கே மனசுக்குள் பார்த்துவிட்டது, மற்ற இரண்டும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 'முதல் மீனாக இரு' என்று புத்திமதி சொன்ன எங்கள் வாத்தியார், அப்படிப் பார்ப்பது எப்படி என்று சொல்லித் தரவில்லை. அதைப் பயிற்சியால் வரவழைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இப்போது கொஞ்சம் ஆதாரங்கள் இருக்கின்றன. ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு தேவை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இது ஜோசியம் பற்றிய கட்டுரை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கனடாவில் ஒருவர் இருந்தார். மருத்துவ நூல்களில் அவரை கே.சி. என்றே குறிப்பிடுவார்கள். 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டது. பேச்சு, பொது அறிவு, சதுரங்கம் ஆடும் திறமை எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் தன் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. எண்டெல் டல்விங் என்ற உளவியலறிஞர் அவரிடம், நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அவரால் அதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. நேற்று இருந்த இடம் காலியாக இருந்ததுபோலவே நாளை இருக்கவேண்டிய இடமும் காலியாக இருந்தது.

2007-இல் லண்டனில் டெமிஸ் ஹஸாபிஸ், எலினார் மக்வைர் முதலியோர் இதை இன்னும் விரிவாகச் சோதித்தார்கள். (அந்த ஹஸாபிஸ்தான் பின்னால் செயற்கை நுண்ணறிவுக்குப் போய், 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று கடற்குதிரை வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. நினைவுகளைச் சேர்த்துவைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பகுதி பழுதானவர்களிடம், ஒரு கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள் என்றார்கள். பெரும்பாலோருக்குத் துண்டு துண்டாகத்தான் ஏதோ வந்தது. ஒரு காட்சியாகக் கூடிவரவில்லை.

இதிலிருந்து நமக்குப் புரிவது என்ன? எதிர்காலத்தை மனசு புதுத்துணியில் தைப்பதில்லை. பழைய துணிகளைப் பிரித்துத்தான் தைக்கிறது. அதனால்தான் நாளை என்றவுடன் நமக்கு இன்றைப் போன்ற ஒரு நாள் தோன்றுகிறது. நமக்கு இதுவரை நடக்காத ஒன்று, நாம் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தானாகத் தோன்றுவதில்லை. கைவசம் அந்தத் துணி இல்லை.

துணி இல்லாவிட்டால் இரவல் வாங்கலாம். இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கு மேற்கே சிமெலு என்று ஒரு தீவு. 1907-இல் அங்கே நில அதிர்ச்சிக்குப் பின் கடல் பொங்கி ஏராளமானோர் மாண்டார்கள். தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, பூமி பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கதையாகச் சொல்லிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று பூமி ஆடியபோது அந்தத் தீவில் எழுபதாயிரத்துக்கும் மேல் ஜனங்கள். நில அதிர்ச்சியின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. இறந்தவர்கள் ஏழு பேர். 'ஸ்மோங்' என்று யாரோ கத்தியதும் ஊரே ஓடியிருக்கிறது. அன்று ஓடியவர்களில் எவரும் ஆழிப்பேரலையை அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதே காலை நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். அலை அங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் உண்டு. அறியாமை என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுனாமி என்ற சொல்லே நம்மில் பெரும்பாலோருக்கு அன்றைக்குத்தான் அறிமுகமாயிற்று. பெயரே இல்லாத ஒன்றை எப்படி மனசில் பார்ப்பது?

கதையாகக் கேட்பது ஒரு வழி என்றால், உடம்பால் ஒத்திகை பார்ப்பது இன்னொரு வழி. கொல்கத்தாவாசிகளான நாம் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒடிஷா கடற்கரையை ஒட்டித்தான் போகிறோம். பாலேசுவரம், பத்ரக், கட்டக் என்று கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தாண்டுகிற அந்த மண்ணில் 1999 அக்டோபர் 29 அன்று பெரும்புயல் வீசியது. ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்கள் போயின. புயல் வருகிறது என்ற எச்சரிக்கை அப்போதும் இருந்தது. வந்தால் யார் எங்கே போவது, நடக்க முடியாத கிழவியை யார் தூக்குவது என்பது இல்லை. அதன்பின் மாநில அரசு பேரிடருக்கென்றே ஒரு அமைப்பை உருவாக்கியது. கடலோரம் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கினார்கள். வெயில் அடிக்கிற சாதாரண நாளில் சங்கு ஊதி, ஜனங்களைக் காப்பகம்வரை நடக்கவைத்து ஒத்திகை பார்த்தார்கள். முதலில் சிரித்திருப்பார்கள், நாமாயிருந்தாலும் சிரித்திருப்போம். 2013 அக்டோபர் 12 அன்று ஃபைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியபோது பத்து லட்சம் பேர் வரை முன்னதாகவே இடம்பெயர்ந்திருந்தார்கள். இறந்தவர் எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே. இடையில் வானிலைக் கணிப்பும் முன்னேறியதுதான். ஆனாலும் ஒத்திகை பார்த்த கால்களுக்கு வழி தெரிந்திருந்தது என்பதே என் கட்சி.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஒன்றும் செய்யவில்லை. படிப்பதற்கும் செய்வதற்கும் இடையில் கடல் இருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்தில். நான் இங்கே, தங்கை பெங்களூரில். அவர்களுக்காக நாங்கள் திட்டம் போடாமல் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சாவி, டாக்டர் நம்பர் நாள்காட்டிக்குப் பின்னால், அவசரம் என்றால் ராத்திரியே விமானம் பிடித்து மறுநாள் மத்தியானத்துக்குள் நான் போய்விடுவது. உட்கார்ந்து யோசித்த திட்டம்தான். அதில் எங்களுக்கே தெரியாமல் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது: விமானம் என்று ஒன்று பறக்கும் என்பது.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவித்தார்கள். ரயில்கள் இரண்டு நாள் முன்பே நின்றிருந்தன. மறுநாளிலிருந்து உள்நாட்டு விமானமும் இல்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். கொரோனா அல்ல, வயசு. இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் லேக் மார்க்கெட் வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். நடுவில் இரண்டு முறை கட்டாகிவிட்டது.

அடுத்த மாதம் 20-ஆம் தேதி ஆம்பன் புயல் கொல்கத்தாவைப் புரட்டிப்போட்டது. எங்கள் பகுதியில் மூன்று நாள் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. இப்போது அம்மாவுக்கு எங்கள் கதி தெரியவில்லை. ஜூன் மாதம் விமானம் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த மூணு நாள் நீ எங்கடா இருந்தே?" என்பதுதான். அவளுக்கு ஆபத்து வரும், நான் ஓடிப்போவேன் என்று மட்டுமே கற்பனை செய்திருந்தேன். ஆபத்து என் பக்கத்திலும் வரலாம் என்று தோன்றவே இல்லை.

ஒரே ஒரு எதிர்காலத்தை மட்டும் கற்பனை செய்து, அதற்குத் தயாராகி, நிம்மதியாகத் தூங்குவது தனிமனிதரின் குறை மட்டுமல்ல. பெரிய கம்பெனிகளும் அதைத்தான் செய்துவந்தன. 1970-களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியேர் வாக் என்ற பிரெஞ்சுக்காரர், அடுத்த ஆண்டு விலை இவ்வளவு என்று ஒரே எண்ணைக் கணித்துச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று முரணான பல கதைகளை எழுதி அதிகாரிகளிடம் கொடுத்தார். எண்ணெய் வளம் மிக்க நாடுகள் விலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்வது அவற்றில் ஒன்று. 1973 அக்டோபரில் அது நடந்தது. பீப்பாய் மூன்று டாலர் சொச்சத்தில் இருந்த விலை சில மாதங்களில் நான்கு மடங்குக்குக் கிட்டே போயிற்று. மற்றவர்கள் 'இது எப்படி நடக்கலாம்' என்று திகைத்த நேரத்தில் ஷெல்காரர்களுக்கு அது ஏற்கனவே படித்த கதையாக இருந்தது. வாக் இதைப் பற்றி 1985-இல் எழுதிய இரண்டு கட்டுரைகள் மேலாண்மைத் துறையில் இன்றும் பேசப்படுபவை. எதிர்காலத்தைச் சரியாகச் சொல்வதைவிட, முடிவெடுப்பவர்களின் தலைக்குள் இருக்கும் ஒற்றைப் படத்தைக் கலைப்பதே தன் வேலை என்று அவர் கருதினார்.

வீட்டுக்கு இதைவிட எளிய ஒரு முறை உண்டு. கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007-இல் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஒரு காரியம் தொடங்குமுன், 'இதில் என்ன தப்பு நடக்கலாம்?' என்று கேட்டால் ஆளாளுக்கு மழுப்புவார்கள். அதற்குப் பதிலாக, 'ஒரு வருஷம் ஆகிவிட்டது, காரியம் கெட்டுவிட்டது, ஏன் கெட்டது என்று எழுதுங்கள்' என்று சொல்ல வேண்டும். நிகழ்ந்துவிட்டதாக உறுதியாக எண்ணிக்கொண்டு காரணம் தேடும்போது அதிகமான காரணங்கள் தோன்றுகின்றன என்று 1989-இலேயே ஒரு ஆராய்ச்சி வந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குத் தமிழ் இலக்கணம்தான் ஞாபகம் வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே "இதோ வந்துட்டேன்" என்கிறோம் அல்லவா? வராத காலத்தை வந்த காலமாகச் சொல்வது. விரைவு காரணமாக எதிர்காலம் இறந்தகாலமாக வரும் என்று தொல்காப்பியர் வினையியலில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். கால வழுவமைதி என்று பள்ளியில் படித்தோம். கிளைன் சொல்லும் வித்தை அந்த வழுவமைதிதான். 'விழலாம்' என்று சொன்னால் மனசு நழுவிவிடும். 'விழுந்துட்டேன்' என்று சொன்னால் எங்கே, எப்போது, பக்கத்தில் யார் என்று மனசு தானே தேட ஆரம்பிக்கிறது.

ஆனால் நம் வீடுகளில் இதைச் செய்வதற்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. கெட்டதை வாயால் சொல்லக்கூடாது. மேலே தேவதைகள் ததாஸ்து சொல்லிவிடும். 2022 கோடையில் நான், மனைவி, தங்கை எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "விளக்கு வெச்ச நேரத்துல என்னடா பேச்சு இது?"

தங்கைதான் சமாளித்தாள். "அம்மா, என் கல்யாணத்துக்கு முன்னாடி நீயும் அப்பாவும் ராப்பகலா என்ன பேசினீங்க? மழை வந்தா பந்தல் என்னாகும், கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா, அம்பது இலை கூடுதலா விழுந்தா பருப்பு இருக்கான்னுதானே? அது அபசகுனமா?" அம்மா கொஞ்சம் யோசித்தாள். உண்மையில் நம் கல்யாண வீடுகளைப் போல எதிர்காலத்தைப் பலவிதமாகக் கற்பனை செய்யும் இடம் வேறு இல்லை. அந்தத் திறமையை நாம் சந்தோஷத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். "சரி, காலைல பேசலாம்" என்றாள் அம்மா. அதுவே எங்களுக்கு ஒரு விதியாகிவிட்டது. இருட்டியபின் இந்தப் பேச்சு கிடையாது. தூக்கம் வராத நேரத்தில் செய்தால் இது ஆயத்தம் அல்ல, வெறும் கவலை.

மறுநாள் காலை, காபிக்குப் பிறகு, முதல் கதையை அம்மாவையே சொல்லச் சொன்னோம். "ஐப்பசி மாசம். ராத்திரி. கரண்ட் இல்லை. நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்." அடுத்து? "போன் கட்டில்ல இருக்கு. கத்தினேன். பக்கத்து வீட்டுல கேட்டுடுத்து." அவர்களிடம் சாவி இருக்கிறதே, வந்துவிடுவார்கள் என்றேன் நான். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எப்படிடா வருவா? நான்தான் உள்ளே மேல் தாழ்ப்பாளும் கீழ் தாழ்ப்பாளும் போட்டுண்டு படுக்கறேனே."

பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் சாவி இருக்கிறது என்ற தைரியத்தில் நான் கொல்கத்தாவில் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சாவி ராத்திரியில் ஒன்றுக்கும் உதவாது என்பது 'விழுந்துட்டேன்' என்ற ஒரு சொல்லில் வெளியே வந்தது. அன்று சாயங்காலமே தச்சரைக் கூப்பிட்டு, வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு மாட்டி, தாழ்ப்பாள்களைக் கழற்றினோம்.

இரண்டாவது கதை, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மூன்று நாளைக்கு எங்கள் இருவராலும் வர முடியவில்லை. கையெழுத்து யார் போடுவது, பணம் யார் கட்டுவது? அப்பா பெயர் இறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் வேறு மாதிரியும் இருப்பது இதில்தான் தெரிந்தது. பெரியப்பா மகனிடம் பேசி, தேவையான காகிதங்களை ஒரு நீலப் பையில் போட்டு, அது பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் என்று முடிவாயிற்று.

மூன்றாவது கதையை என் மனைவி ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏங்க, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இல்லை" என்றாள். கூடம் அமைதியாகிவிட்டது. அதுவரை எழுதிய எல்லாக் கதையிலும் காப்பாற்ற வருகிறவன் நான்தான். நான் இல்லாத கதை எனக்குத் தோன்றவே இல்லை. கொல்கத்தா வீட்டு வாடகை ஒப்பந்தம் என் பெயரில், வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு என் தலையில், அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவது என் போனில். அந்த ஒரு கதைக்கு நாலு பக்கம் ஆயிற்று. எழுதி முடித்தபோது பயத்தைவிட ஒருவித நிம்மதிதான் இருந்தது. அதை ஏன் என்று விளக்க எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு கதைக்கும் அடியில் 'இப்படி ஆனால் இதைச் செய்வது' என்று ஒரு வரி எழுதினோம். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இருக்கிறது இது. 'கவனமாக இருக்கணும்' என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட, குறிப்பிட்ட சூழ்நிலையோடு குறிப்பிட்ட செயலை முடிச்சுப் போட்டுவைத்தால் அது நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். 'கரண்ட் போனால், போனை இடுப்பில் செருகிக்கொள்வது' என்பது அம்மாவின் வரி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கதை எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவு அது நடந்தே தீரும் என்று மனசு நம்பிவிடும். விவரம் கூடக்கூட நடக்கும் வாய்ப்பு உண்மையில் குறையத்தான் செய்யும் என்றாலும், நமக்கு மாறாகவே தோன்றுகிறது என்று ட்வெர்ஸ்கியும் கானமனும் 1983-இல் காட்டியிருக்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது. 2023 ஆகஸ்டில் அம்மா விழுந்தாள். ஐப்பசி இல்லை, ராத்திரி இல்லை, பாத்ரூம் இல்லை. காலை பத்து மணிக்கு, காய்கறிக் கடை வாசலில். இடுப்பு எலும்பு முறிவு. நாங்கள் எழுதிய எதுவும் எழுதியபடி நடக்கவில்லை. ஆனால் நீலப் பை எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பெரியப்பா மகன் கையெழுத்துப் போட்டான். நான் மறுநாள் போனபோது ஆபரேஷனுக்கு நேரம் குறித்திருந்தார்கள்.

நல்லதற்கும் தயாராக இருக்கவேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. அம்மா தொண்ணூற்றைந்து வயசுவரை ஆரோக்கியமாக இருந்தால்? அவளுக்கு அப்போது பேச்சுத்துணை யார்? எனக்கே எண்பது நெருங்கியிருக்குமே, யார் யாரைப் பார்த்துக்கொள்வது? சாவுக்கு நாலு பக்கம் எழுதிய நாங்கள் ஆயுசுக்கு ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

இப்போது அந்த நோட்டுப் புத்தகம் அம்மாவிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் பழைய பக்கங்களைப் படித்து, காலாவதியானதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறோம். போன வருஷம் பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அம்மாவே ஒரு பக்கம் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இங்கே பிறந்த பெண், அவளுடைய தமிழ் எழுத்துக்கு வங்காளச் சாயல் உண்டு. தலைப்பு, 'என் கல்யாணம் கும்பகோணத்தில் நடந்தது'. மழை வந்துவிட்டதாம், பந்தல் தாங்கிவிட்டதாம், பாட்டி முதல் வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். கீழே அம்மா சொன்ன வரி: 'மண்டபத்தில் படி இருந்தால், பின்பக்கச் சரிவு வழியாக என்னை அழைத்துப் போவது.'